ஜே. ஆர். ஜயவர்த்தனாவின் பொருளாதாரச் சீர்திருத்தமும் வன்னிக் கமமும்

சுதந்திர இலங்கையின் முதல் நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்த்தனா ஆவார். 1950இல் மத்திய வங்கி நிறுவப்பட்டது அவர் காலத்திலேயே. 1953இல் அரிசி மானியத்தை வெட்டி, கொத்தொன்று 25 சதமாயிருந்த பங்கீட்டரிசியை 70 சதமாக்கினார். ஆகஸ்ட் 12இல் ஹர்த்தால் மூண்டது. பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். ஜயவர்த்தனாவோ நிதியை விட்டு விவசாய அமைச்சரானார்.

1977இல் ஆறில் ஐந்து பங்கு ஆசனங்களுடன் ஆட்சியேறியவர், நவம்பர் வரவுசெலவுத் திட்டத்தில் இறக்குமதிக் கதவைத் திறந்து, ரூபாவின் பெறுமதியையும் இறக்கினார். பாண் வரிசையில் நின்று சலித்த கொழும்பு வாசி மகிழ்ந்தான்; அம்மகிழ்ச்சியில் நியாயமுண்டு. வன்னியின் கதை வேறு. முந்திய ஆட்சி மிளகாய், வெங்காய இறக்குமதியைத் தடுத்திருந்தது. அதனால் விசுவமடு, முத்தையன்கட்டுப் படித்த வாலிபர் திட்டங்களிற் காடு வெட்டிக் கிணறு தோண்டியோர் செத்தல் மிளகாயாற் கையிற் காசு கண்டனர். பிறநாட்டு மிளகாய் வந்திறங்கவே விலை சரிந்தது. பாத்திகள் பல தரிசாயின.

உண்போரின் சினத்தை 1953இல் அறிந்திருந்த ஜயவர்த்தனா, 1979இல் பங்கீட்டை நிறுத்தியபோது வறியோருக்கு உணவு முத்திரை வழங்க மறக்கவில்லை. விளைவிப்போரின் நட்டம் அவரது கணக்கில் அவ்வாறு இடம்பெறவில்லை.