ஈடு கைக்கு வந்தது, முதல் திரும்பவில்லை

மைசூரில் மானசகங்கோத்ரி வளாகத்துக்கு நான் நடந்து செல்லும் வழியில் ஒரு மாடி வீடு பூட்டிக் கிடக்கிறது. 60 நாள் கெடுவுக்குள் நிலுவை செலுத்தப்படாமையால், 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி அச்சொத்து வங்கியின் உடைமையாயிற்று என்று கதவில் ஒட்டிய அறிவிப்பு சொல்கிறது. இருமுறை ஏலத்துக்கு வந்தும் கேட்பார் இல்லை என்கிறார் எதிர்க் கடைக்காரர். அப்படியானால் வீட்டைக் கைக்கொண்ட வங்கி உண்மையில் எதைப் பெற்றது?

இக்கேள்விக்குத் தமிழர் வரலாற்றிலேயே ஒரு விடை உண்டு. அது பர்மாவில் நாட்டுக்கோட்டை நகரத்தார் நடத்திய வட்டிக்கடைகளின் வரலாறு. அங்கே ஈடாக நின்றவை வீடுகள் அல்ல, வயல்கள். ஆயினும் அடமானக் கடன் நொடிக்கும் முறை ஒன்றே.

1852ஆம் ஆண்டுப் போருக்குப்பின் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் வசமானது. 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டதும் ஐராவதிக் கழிமுகத்துக் காடுகள் வேகமாக நெல்வயல்களாயின. 12 ஆண்டுகள் தொடர்ந்து பயிரிட்டு வரி செலுத்தியவருக்கு நிலவுரிமை உண்டு என்றது சட்டம். உரிமை பிறந்ததும் அதை ஈடுவைக்கும் வழியும் பிறந்தது. 1930 அளவில் பர்மாவில் ஏறத்தாழ 1,650 நகரத்தார் வட்டிக்கடைகள் இருந்தன. அவற்றில் புழங்கிய முதல் சுமார் 75 கோடி ரூபாய்.

அம்முதல் முழுவதும் அவர்களுடையது அன்று. செட்டிநாட்டு உறவினர் போட்டுவைத்த பணமும், இரங்கூனில் இருந்த இம்பீரியல் வங்கி முதலியவை தந்த கடனும் அதில் கலந்திருந்தன. நடப்பு வட்டியை மாதந்தோறும் இரங்கூன் கோயிலில் கூடி முடிவுசெய்யும் அளவுக்கு அவர்களிடையே ஒழுங்கும் நம்பிக்கையும் இருந்தன. பலவீனம் வேறிடத்தில் இருந்தது. போட்டவர் தம் பணத்தை விரைவில் திரும்பக் கேட்கலாம். உழவரோ அறுவடைக்குப் பின்னரே, அதுவும் பெரும்பாலும் வட்டியை மட்டுமே தர இயலும். அசல் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்டது. நெல் விலை நிலைத்திருந்தவரை இந்த இடைவெளியை எவரும் பொருட்படுத்தவில்லை.

உலகப் பெருமந்தம் வந்தது. 1931இன் தொடக்கத்துக்குள் நெல் விலை பாதிக்கும் கீழே இறங்கியது. வங்கிகள் கையை இறுக்கின. உழவரால் வட்டியும் தர முடியவில்லை. நகரத்தார் வேண்டியது ரொக்கம். பர்மாவில் நிலக்கிழாராகும் எண்ணம் அவர்களுக்கு இல்லை. ஆனால் விற்கலாம் என்றால் வாங்குவோர் இல்லை. எல்லாருடைய ஈடும் ஒரே பொருளாக இருந்தமையால் எல்லாம் ஒருசேர மதிப்பிழந்தன. நெல் விளையும் 13 முதன்மை மாவட்டங்களில் 1930இல் 6 விழுக்காடு நிலமே அவர்களிடம் இருந்தது. 1937இல் அது 25 விழுக்காடானது. ஏறத்தாழ 24 லட்சம் ஏக்கர்!

ஏட்டில் இது செல்வம். பர்மியர் கண்ணுக்கோ அயலார் தம் மண்ணைப் பறித்த செயல். 1930 டிசம்பரில் சாயா சான் தலைமையில் எழுந்த உழவர் கிளர்ச்சி வரப்போவதை முன்னறிவித்தது. 1937இல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்தது. 1942இல் ஜப்பானியப் படையெடுப்பால் பல்லாயிரவர் நடந்தே தப்பினர். 1948இல் விடுதலை பெற்ற பர்மா நிலத்தை நாட்டுடைமையாக்கும் சட்டம் இயற்றியது. ஈடாக வந்த நிலமும் போயிற்று. செட்டிநாட்டு வீடுகளின் பர்மாத் தேக்குத் தூண்கள் அப்பழைய வாழ்வின் சாட்சிகளாய் நிற்கின்றன.

2008இல் அமெரிக்க வங்கிகளும் இதே முட்டுச்சந்தில் நின்றன. தவணை தவறிய வீடுகளை அவை கைப்பற்றி விற்க விற்க, அண்டை வீடுகளின் விலையும் சரிந்தது. இன்னும் பலர் கடனைக் கைவிட்டனர். ஆனால் அங்கே பெரும்பாலான பெருவங்கிகளைத் தாங்க அரசு வந்தது. நகரத்தாருக்கு அத்தகைய அரசு பர்மாவிலும் இல்லை, இந்தியாவிலும் இல்லை.

வயலின் விலை நெல்லின் விலையில் நின்றது போல, வீட்டின் விலையும் ஊராரின் மாத வருமானத்தில்தான் நிற்கிறது. வருமானம் பொதுவில் குறையும் நாளில் கடன்காரரும் தவறுவார், வீட்டை வாங்க வேண்டியவரும் விலகுவார். கடன் ஒன்று கெட்டால் ஈடு காக்கும். ஊரே கெட்டால் ஈடும் சேர்ந்து கெடும். கடன் தரும் நாளில் பத்திரத்தை மட்டும் புரட்டிப் பார்ப்பவர்களுக்கு இரங்கூனின் பேரேடுகள் சொல்வது இதைத்தான்.