பாதாம் அளவு ஒரு கட்டி

"மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுடா" என்று போன் வந்தபோது, ஹாஸ்டல் மெஸ் சாம்பாரைப் பற்றித்தான் எழுத நினைத்தேன். ஆனால் போன வருஷம் எனக்கு நேர்ந்த ஒன்று இந்தச் சரித்திரத்தை எழுத வைத்துவிட்டது.

இடது காலில் மரமரப்பு. ராத்திரியானால் முதுகில் வலி. "உட்கார்ந்தே வேலை பார்க்கிறவனுக்கு இதெல்லாம் சகஜம்" என்று ஒரு வருஷம் ஓட்டினேன். கடைசியில் எம்.ஆர்.ஐ. எடுத்தால், தண்டுவடத்தை நெருக்கிக்கொண்டு ஒரு கட்டி. பெயர் ஷ்வான்னோமா. நரம்பின் உறையில் வளர்வது; புற்றுநோய் அல்ல. "எடுத்துடலாம் சார்" என்றார் டாக்டர், சர்வசாதாரணமாக. அந்தச் சாதாரணம் எப்படி வந்தது என்று படுக்கையில் கிடந்தபடி படித்தேன்.

1887, லண்டன். ராணுவ அதிகாரி ஒருவர், வயது 42. முதுகில் தாங்க முடியாத வலி, கால்களும் செயலிழந்துவிட்டன. வில்லியம் கவர்ஸ் என்ற நரம்பியல் மருத்துவர் அவரைப் பார்த்தார். எக்ஸ்ரேயே 1895-ல்தான் வந்தது என்பதை மறக்காதீர்கள்! வலி எங்கே, எந்த மட்டத்துக்குக் கீழே உணர்ச்சி இல்லை என்பதை வைத்தே, நாம் லேபில் கேபிள் ஃபால்ட் தேடுவோமே, அதுமாதிரி இடத்தைக் கணித்தார்.

ஜூன் 9-ஆம் தேதி அறுவை செய்தவர் விக்டர் ஹார்ஸ்லி. வயது 30தான்! எலும்பைத் திறந்தால் கட்டியைக் காணோம். அப்படியே மூடியிருக்கலாம். மூடவில்லை, இன்னும் மேலே எலும்பை எடுத்தார். அங்கே இருந்தது, சின்ன பாதாம் அளவில். நோயாளி எழுந்து நடந்தார், வேலைக்கும் திரும்பினார். தண்டுவடக் கட்டியை முன்கூட்டியே கண்டறிந்து வெற்றிகரமாக அகற்றிய முதல் சிகிச்சையாக இதைத்தான் சொல்கிறார்கள்.

அந்தக் கட்டிக்கு அன்று வைத்த பெயர் வேறு. என்னுடைய வகையை 1910-ல் வெரோகே என்பவர் தனியாக விவரித்தார். 1920-களில் பாரிஸில் சிக்கார், ஃபாரெஸ்டியே இருவரும் லிபியோடால் எண்ணெயை முதுகுத்தண்டுக்குள் செலுத்திப் படம் எடுத்தார்கள். பிறகு மைக்ரோஸ்கோப், எம்.ஆர்.ஐ. எனக்கு மெல்லிய மின்சாரத்தால் நரம்பைச் சோதித்து, கட்டி முளைத்த ஒரே ஒரு நரம்பிழையை மட்டும் வெட்டினார்கள்.

லேட்டாகி ஓடுவோமே, அந்த டிராயிங் ஹால் படிகளை இந்தச் சந்திப்பில் மெதுவாக ஏறப்போகிறேன். யாராவது கூட வாருங்கள். ஒன்று மட்டும்: கால் மரத்தால் நாற்காலியைக் குறை சொல்லாமல் டாக்டரைப் பாருங்கள். நான் வீணாக்கிய ஒரு வருஷம் உங்களுக்கு வேண்டாம்.