விருதுநகர்–சிவகாசி வட்டாரத்தின் கோடை வானிலை

விருதுநகர் மாவட்டத்தில், குறிப்பாகப் பட்டாசுத் தொழில் நடக்கும் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை, விருதுநகர் வட்டங்களில், மார்ச் முதல் மே வரை கோடைக்காலம். ஜூனில் தென்மேற்குப் பருவமழை கேரளத்தை நனைத்த பிறகும் இங்கே வெயில் தணிவதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதி இது. வத்திராயிருப்பு, ராஜபாளையம் பக்கம் சாரல் எட்டிப் பார்க்கும். சிவகாசிக்கு வந்து சேர்வது வறண்ட மேல்காற்றுதான். அதனால் நடைமுறையில் கோடை ஆகஸ்ட் வரை நீள்கிறது. ஆண்டு மழை ஏறத்தாழ 800 மில்லிமீட்டர். அதில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவமழை தருவது.

1920களில் பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தாவில் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பி, சிவகாசியில் அதைத் தொடங்கினார்கள். பட்டாசு அதன் தொடர்ச்சியாக வந்தது. மானாவாரிக் கரிசல் பூமியில் விவசாயம் ஆண்டு முழுக்கச் சோறு போடவில்லை. ஆண்டின் பெரும்பகுதி அடிக்கும் வெயில் தீக்குச்சியையும் திரியையும் காய வைக்க உதவியது. இந்தத் தொழில் இங்கே வேரூன்றியதில் வானிலைக்கு அத்தனை பங்கு உண்டு.

வெப்பம்

ஏப்ரல், மே மாதங்களில் பகல் வெப்பம் 38, 39 டிகிரி செல்சியஸைத் தொடுவது சாதாரணம். சில நாட்களில் 40-ஐத் தாண்டும். பஞ்சாங்கப்படி மே 4-ஐ ஒட்டித் தொடங்கி மே 28 வாக்கில் முடிவது கத்திரி வெயில். வானிலை ஆய்வு மையம் இக்கணக்கைப் பின்பற்றுவதில்லை. சமவெளியில் வெப்பம் 40 டிகிரியை எட்டி, அந்த நாளின் இயல்பைவிட 4.5 டிகிரி கூடுதலாகவும் இருந்தால் அது வெப்ப அலை என்கிறது. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதில் இறப்போரின் குடும்பத்துக்கு 4 லட்ச ரூபாய் நிவாரணம் என்று வகுத்தது. தகரக் கூரைக்கும் கான்கிரீட் தளத்துக்கும் கீழே வேலை செய்பவர்கள் நிறைந்த மாவட்டத்துக்கு இது தாமதமாக வந்த நல்ல முடிவு.

இடிமழை

கோடை மழை பெரும்பாலும் பிற்பகலுக்கு மேல் வரும். காலையிலிருந்து காய்ந்த தரை, மேலேறும் வெப்பக் காற்று, மன்னார் வளைகுடாவிலிருந்து உள்ளே நுழையும் ஈரமான கடற்காற்று, மலைக் கணவாய்கள் வழியே வரும் மேல்காற்று ஆகியவை சந்திக்கும் இடத்தில் இடிமேகம் எழும்பும். முதலில் புழுதிக்காற்று, பிறகு மின்னல், அரை மணி நேரம் கொட்டும் மழை. ஓர் ஊரில் கண்மாய்க்குத் தண்ணீர் வரும். பக்கத்து ஊரில் புழுதி மட்டும் கிளம்பும். கோடை உழவுக்குக் காத்திருக்கும் சம்சாரிக்கு இது வரம். மலையடிவாரத்தில் ஆபத்தும் உண்டு. 2015 மே மாதத்தில் சதுரகிரி மலைக்கோயிலுக்குப் போகும் வழியிலுள்ள ஓடைகளில் திடீர் வெள்ளம் புரண்டு பக்தர்கள் பலர் உயிரிழந்தனர். மழை அறிகுறி தெரிந்தால் மலையேற்றத்துக்கு வனத்துறை இப்போது தடை விதிக்கிறது.

மருந்து அறைகளில்

தீபாவளி முடிந்து சிறிது ஓய்வுக்குப் பின் தொடங்கும் உற்பத்தி கோடையில் உச்சத்துக்குப் போகும். வெடி மருந்துக்கு வறட்சி, ஈரம் இரண்டுமே பகை. காற்று வறண்டால் உடலிலும் துணியிலும் நிலைமின்சாரம் தங்கும். ஒரு சிறு பொறி போதும். அதனால்தான் வாசலில் பதித்த செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு அறைக்குள் போக வேண்டும், பருத்தி உடைதான் உடுத்த வேண்டும், தரையில் ரப்பர் விரிப்பு போட வேண்டும் என்று கட்டாயப்படுத்துகிறார்கள். ஈரம் வேறு விதத்தில் வேலை காட்டும். அலுமினியத் தூள் கலந்த மருந்தில் நீர் பட்டால் வேதிவினை நடந்து, வெளியே தெரியாமல் உள்ளுக்குள் சூடு ஏறும். வெளித் தளத்தில் காயும் சரக்கைத் திடீர் மழை நனைத்துவிட்டால், அதைக் குவித்து மூடி வைப்பது நனைய விடுவதைவிட மோசம். கலந்த மருந்தை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும் என்பதும், வெயில் ஏறுமுன் காலையிலேயே மருந்து கலக்கும் வேலையை முடிப்பதும் இந்த அனுபவத்தில் பிறந்தவை. மின்னலுக்கு இடிதாங்கி உண்டு. ஆனாலும் இடி இறங்கி அறைகள் வெடித்த நிகழ்வுகள் இவ்வட்டாரத்தில் நடந்திருக்கின்றன.

ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் 'கடும் வெயில்' காரணமாகச் சொல்லப்படுகிறது. இதை அப்படியே ஏற்க முடியாது. வெடியுப்பு, கந்தகம், அலுமினியத் தூள் சேர்ந்த கலவை தானாகப் பற்றிக்கொள்ள 200 டிகிரிக்கும் மேலான சூடு வேண்டும். 40 டிகிரி வெயில் அதைக் கொளுத்தாது. சுமார் 40 பேரைக் கொன்ற முதலிப்பட்டி விபத்து 2012 செப்டம்பர் 5-இல் நடந்தது. 20-க்கும் மேற்பட்டோர் மாண்ட அச்சங்குளம் விபத்து 2021 பிப்ரவரி 12-இல். கத்திரியில் நடந்தது 2024 மே 9-ஆம் தேதிய செங்கமலப்பட்டி விபத்து. கோடை செய்வது வேறு: வியர்வையிலும் களைப்பிலும் கை தடுமாறச் செய்கிறது, உராய்வு நேர வழி செய்கிறது. அளவுக்கு மீறி ஆள் அடைப்பது, உள்குத்தகைக்கு விடுவது, மிஞ்சிய மருந்தைச் சேர்த்து வைப்பது ஆகியவை மனிதர் செய்பவை. எண்ணிக்கைக்குக் கூலி என்பதால் உச்சி வெயிலிலும் யாரும் கையை நிறுத்துவதில்லை.

விமானப் போக்குவரத்து

மாவட்டத்தில் விமான நிலையம் இல்லை. வடக்கே மதுரை, தெற்கே தூத்துக்குடிக்கான வாகைக்குளம் ஆகிய இரண்டும் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன. மதுரை நிலையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 140 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 40 டிகிரி வெயிலில் காற்றின் அடர்த்தி குறைவதால், அங்கே கிளம்பும் விமானத்துக்கு 1,000 மீட்டருக்கும் மேலான மலையில் இருப்பது போன்ற நிலை. இறக்கைக்குத் தூக்குவிசை குறையும், எஞ்சினின் உந்துவிசையும் குறையும்; ஓடுதளத்தில் கூடுதல் தூரம் ஓடியே எழும்ப முடியும். சுமார் 2,286 மீட்டர் நீள ஓடுதளத்தில் சுமையைக் கணக்குப் பார்த்தே ஏற்ற வேண்டியிருக்கும். ஓடுதளம் கிழக்கு மேற்காக அமைந்திருப்பதால் ஜூன், ஜூலையின் மேல்காற்று நேர் எதிரே கிடைப்பது ஓர் அனுகூலம். பிற்பகலில் மேலேறும் வெப்பக் காற்றில் விமானம் குலுங்கும். இடிமேகம் நிலையத்தின் மேல் நின்றால் வானில் வட்டமிடவோ, திருச்சிக்கோ திருவனந்தபுரத்துக்கோ திருப்பி விடவோ நேரும். விடிகாலைப் பயணமே சுகம்.

முன்னறிவிப்பு

சென்னை மண்டல வானிலை ஆய்வு மையம் மாவட்ட வாரியாக நிற எச்சரிக்கை தருகிறது. இடிமழைக்கு அடுத்த 3 மணி நேரத்துக்கான உடனடி முன்னறிவிப்பும் வருகிறது. புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் 'தாமினி' செயலி மின்னலைப் பற்றி எச்சரிக்கும். ஆனால் பட்டாசு ஆலையின் உற்பத்திப் பகுதிக்குள் செல்போனுக்கு அனுமதி இல்லை. அந்த விதி சரியானதுதான். அதே விதியால் எச்சரிக்கை தொழிலாளியின் கைக்கு எட்டுவதில்லை. வாசல் அலுவலகத்தில் ஒருவர் அதைப் பார்த்து, மணியடித்து, போர்மேன் வழியாக அறைகளைக் காலி செய்யச் சொன்னால்தான் அது எச்சரிக்கையாகும். விதிப்படி தள்ளித்தள்ளிக் கட்டப்பட்ட அறைகள் அவை. எல்லோரும் வெளியேறி மைதானத்தைக் கடந்து பாதுகாப்பான கட்டடத்துக்குள் போகச் சில நிமிடங்கள் பிடிக்கும். மேற்கே முதல் முழக்கம் கேட்ட பிறகு கிளம்பினால், திறந்த வெளியில் நடக்கும்போதே மின்னல் தலைக்கு மேலே வந்துவிடும்.