மூன்றாம் அறிவு

தீபத் திருநாளில் நெய்யும் கற்பூரமும் மணக்கும் திருவண்ணாமலையில் வாழும் நாம், மோப்பம் இழந்தவரின் துயரை எண்ணிப் பார்ப்பதில்லை. தொல்காப்பியர் மோப்பத்தை மூன்றாம் அறிவாக வைத்து, கறையானையும் எறும்பையும் சான்று காட்டினார். மருத்துவமோ அதைக் கடைசி வரிசையில் வைத்தது. பார்வையை அளக்கும் ஸ்னெல்லனின் எழுத்துப் பலகை 1862இலேயே வந்துவிட்டது. சுரண்டினால் எழும் 40 மணங்களைக் கொண்டு மோப்பத்தை அளக்கும் தேர்வை அமெரிக்காவின் ரிச்சர்ட் டோட்டி 1984இல்தான் வெளியிட்டார். அளவுகோல் வரும்வரை நோயாளியின் சொல்லுக்குச் சான்று இல்லை.

நாள்பட்ட சைனஸ் அழற்சியில் மூக்கினுள் வளரும் சதை, மணம் மேலேறும் வழியை அடைக்கிறது. வைரஸ்களோ மோப்பத் திசுவையே சிதைக்கின்றன. ஆயினும் அதன் நரம்பணுக்கள் மீண்டும் முளைக்கும் இயல்பின. 2009இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் தாமஸ் ஹம்மல் குழுவினர் ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் மணங்களை நாளுக்கு இருமுறை, 12 வாரம் முகரச் செய்தனர். சிலருக்கு மோப்பம் மேம்பட்டது. 2020இல் கொரோனா பலரின் மோப்பத்தைப் பறித்தபோது மருத்துவர்கள் இப்பயிற்சியையே பரிந்துரைத்தனர்.

அந்நான்கும் நம்மூர்க் கடைவீதியில் கிடைப்பவையே. நறுமணத்தையும் குறித்த 'நாற்றம்' என்னும் சொல் இன்று இழிந்துவிட்டது. சொல்லுக்கு நேர்ந்ததே புலனுக்கும் நேர்ந்தது. இழந்த பின்னரே அதன் அருமையை உணர்கிறோம்.