எம்மாவிலிருந்து திரும்பியவர்கள்

எம்மாவு ஊருக்கு நடந்த சீடர் இருவருக்கும் கூடவே வந்தவர் இன்னார் என்று வழியெல்லாம் தெரியவில்லை. அப்பத்தைப் பிட்டுக் கொடுத்தபோதுதான் தெரிந்தது. லூக்கா அதோடு விடவில்லை. ‘பொழுது சாய்ந்துவிட்டது, தங்கிப் போங்கள்’ என்று விருந்தாளியை வற்புறுத்திய அதே இருவர், அந்நேரமே எழுந்து எருசலேமுக்குத் திரும்பி நடந்து, கண்டதைச் சொன்னார்கள். நம் மறையுரைகள் பந்தியோடு முடிந்துவிடுகின்றன. இந்தத் திரும்பு நடையை அவ்வளவாக யாரும் எடுத்துப் பேசுவதில்லை.

கரிசல் சீமையில் அதற்கு ஒரு பழைய சான்று உண்டு. 1854 முதல் சிவகாசி வட்டாரத்தில் கூடாரம் அடித்து ஊர் ஊராய்ப் போனார் சி.எம்.எஸ். (சர்ச் மிஷனரி சொசைட்டி) ஊழியர் ராக்லாந்து. 1858-இல் சிவகாசியிலேயே மறைந்தார். அவரைவிட என்னைக் கவர்கிறவர்கள் அவரோடு நடந்த உபதேசியார்கள். தென் திருநெல்வேலிச் சபைகள் தங்கள் காணிக்கையில் செலவு கொடுத்து அவர்களை முறைவைத்து அனுப்பின. கொஞ்ச காலம் வடக்கே ஊழியம். பிறகு ஊர் திரும்பி, அனுப்பிய சபையாரிடம் பார்த்ததையும் கேட்டதையும் சொல்ல வேண்டும். பனையை நம்பிப் பிழைத்த சபைகள் முகம் தெரியாத கரிசல் ஊர்களுக்காக மன்றாடியது அப்படிக் கேட்டுத்தான்.

எங்கள் கழுகுமலையின் கதை இவ்வளவு இதமானதில்லை. தேரோடும் வீதிகளில் ஊர்வலம் போகும் உரிமைக்காக நாடார் மக்கள் எட்டையபுரம் ஜமீனோடு வழக்காடித் தோற்றார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் கத்தோலிக்கம் தழுவினார்கள். 1895-ஆம் ஆண்டுப் பங்குனி விழாவில் மூண்ட கலவரத்தில் ஜமீன் மேலாளர் உட்பட இரு தரப்பிலும் உயிர்கள் போயின. தெருவுக்காக மதம் மாறினார்கள் என்று அன்றும் ஏளனம் செய்தார்கள், இன்றும் செய்கிறார்கள். தலைநிமிர்ந்து ஒரு வீதியில் நடக்க ஆசைப்பட்டவர்களிடம் கிறிஸ்து போயிருக்க மாட்டார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் கிறிஸ்தவர்களான நாம் கோயிலுக்குள்ளே என்ன செய்தோம்? வடக்கன்குளத்தில் 1872-இல் எழுந்த கோயிலே சாதிக்கொரு பக்கமாகப் பிரிக்கப்பட்டிருந்தது. கௌசானல் அடிகளார் 1910-இல் அந்தத் தடுப்பை இடித்தபோது விவகாரம் நீதிமன்றம்வரை போனது. ஒரே பந்தியில் ஒருவன் பசித்திருக்க இன்னொருவன் குடிவெறியில் கிடப்பதைக் கண்டு பவுலடியார் கொரிந்தியர்மேல் சீறியது நினைவுக்கு வருகிறது.

பந்தியில் கண்டதைத் திரும்பிப் போய்ச் சொல்கிறோமா என்ற அந்தப் பழைய கேள்வி இன்று நம் பங்குகளில் அன்பியக் கூட்டத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அக்கம்பக்கத்து வீட்டார் தீப்பெட்டி ஆபீஸ் வேலை முடிந்து, முகம் கழுவி, இன்று ஒரு வீடு அடுத்த முறை வேறு வீடு என்று கூடுகிறார்கள். பாட்டு, இறைவார்த்தை, அதன்பின் பகிர்வு. பகிர்வு வந்ததும் பாதிப்பேர் சாமியார் குரலுக்கு மாறிவிடுகிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். “எனக்கு வசனமெல்லாம் பேசத் தெரியாது. நான் கோவில்பட்டி ஆஸ்பத்திரியில கெடந்தப்ப எதுத்த வீட்டு மதினிதான் புள்ளைகளுக்குச் சோறு போட்டா” என்று ஒருத்தி சொன்னால், அதை வேத விளக்கமாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை. அடுத்தவருக்கு முறை போய்விடுகிறது.

அந்த மதினி கழுகுமலை முருகன் கழுகாசலமூர்த்திக்குக் கார்த்திகை விரதம் இருப்பவளாகவும் இருக்கலாம். இந்த ஊரில் அது அதிசயமில்லை. எம்மாவுச் சாலையில் வந்தவரையும் அந்நியர் என்றுதான் சீடர்கள் நினைத்தார்கள். 1895-இல் எதிரெதிரே நின்றவர்களின் வழிவந்தவர்கள் இன்று ஒருவர் வீட்டுக் குழந்தைக்கு ஒருவர் சோறு போடுகிறார்கள் என்றால், அதைத் திருப்பலியில் நன்றி மன்றாட்டாகவே சொல்லலாம்.

அன்பியக் குறிப்பேட்டில் வந்தோர் எண்ணிக்கையும் காணிக்கைத் தொகையும் எழுதுகிறோம். இந்த வாரம் யாருக்கு யார் கைகொடுத்தார் என்பதற்கும் நாலு வரி ஒதுக்கலாம். அடுத்த மலருக்குக் கட்டுரை கேட்டு அலைபவர்கள் அப்போது என்னைப் போல் சிவகாசிக்கும் வடக்கன்குளத்துக்கும் போகவேண்டி இராது.