குடவோலையும் ஜூரியும்

உத்திரமேரூரைப் பற்றிப் பேசத் தொடங்கும் எவரும் ‘ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தேர்தல்’ என்று முடிப்பதே வழக்கமாகிவிட்டது. பள்ளிப் பாடநூல் முதல் பாராளுமன்றக் கட்டட அடிக்கல் நாட்டுவிழா வரை அதே வாக்கியம்தான். கல்வெட்டை நிதானமாக வாசிப்போர்க்கு அங்கே தேர்தல் என்று ஒன்று இல்லை என்பது விளங்கும். எவரும் எவரையும் தேர்ந்தெடுக்கவில்லை. வாக்கு கேட்கவும் இல்லை, எண்ணவும் இல்லை. இருந்தது குலுக்கல். குடவோலையின் நெருங்கிய உறவை வாக்குச்சாவடியில் தேடுவதைவிட நீதிமன்றத்து ஜூரிப் பெட்டியில் தேடுவதே பொருத்தம் என்று நமக்குத் தோன்றுகிறது.

வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்து ஏற்பாடுகள் இரண்டு உள்ளன. ஒன்று 919ஆம் ஆண்டினது. மற்றது அதைத் திருத்தி 921இல் செய்தது. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியுடையோர் பெயரை ஓலையில் எழுதி, குடும்புவாரியாகக் கட்டி, குடத்தில் இட்டு, விவரம் அறியாத சிறுவன் ஒருவனைக்கொண்டு எடுக்கச் செய்தனர். இவ்வாறு வந்த முப்பதின்மருள் பன்னிருவர் ஆண்டு வாரியம், பன்னிருவர் தோட்ட வாரியம், அறுவர் ஏரி வாரியம். (ஏரியை நம்பி வாழும் நம் தென்னேரிப் பக்கத்தார்க்கு ஏரி வாரியத்தின் அருமையை எடுத்துச் சொல்லவேண்டியதில்லை.) பதவிக்காலம் 360 நாள். இவற்றோடு, பன்னிரண்டு சேரிகளிலும் அறக்காரியங்களை மேற்பார்த்த வாரியம் ஒன்றும் இருந்தது. அதனை நீதி வாரியம் என்றே அறிஞர் கொள்வர். அடுத்த ஆண்டுக்கான குடவோலைக்குச் சபையைக் கூட்டும் பொறுப்பும் அவ்வாரியத்தாருடையதே.

குலுக்கலைவிட நம்மை வியக்கவைப்பது விலக்குப் பட்டியல்தான். கடந்த மூன்றாண்டுகளுள் வாரியம் செய்தவர் கூடாது. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் கூடாது; அவர் மட்டுமன்றி, சிற்றன்னை பேரன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன், மைத்துனன் என அவரது உறவினர் பலரும் கூடாது. பிறர் பொருளைக் கவர்ந்தவர் கூடாது. அதிகாரத்தில் அமர்ந்தவன் தன் ஆட்களை அமர்த்துவான் என்பதைக் கண்டறிந்த மனிதர்கள் எழுதிய விதிகள் இவை. குலுக்கலின் நோக்கமும் அதுவே. சிறுவனின் கைக்கு மாமனும் தெரியாது, மைத்துனனும் தெரியாது.

ஏதென்சு நகரத்தாரும் இதே காரணத்தால்தான் தம் நீதிமன்றத்தாரைச் சீட்டுப் போட்டு எடுத்தனர். ஆண்டுதோறும் முப்பது வயது நிரம்பிய ஆறாயிரம் குடிமக்கள் அங்கே பதிவு செய்யப்பட்டனர். சாக்ரடீசுக்கு நஞ்சு விதித்தவர்கள் அவ்வாறு வந்த பொதுமக்களே என்பதையும் மறப்பதற்கில்லை.

பெருமையோடு நின்றுவிடுவதும் நியாயமாகாது. உத்திரமேரூர் சதுர்வேதிமங்கலம், அதாவது பிராமணர் ஊர். குடத்தில் பெயர் விழக் கால் வேலிக்கு மேல் இறைநிலமும், சொந்த மனையில் வீடும், 35க்கு மேல் 70க்கு உட்பட்ட வயதும், வேதப் பயிற்சியும் வேண்டும். அதே ஊரின் ஏரிக்கரையில் மண் சுமந்தவன் பெயர் எந்த ஓலையிலும் ஏறவில்லை. பெண் பெயரும் அவ்வாறே.

சபை எப்படி வழக்கு விசாரித்தது என்பதை அறிய நம்மிடம் உள்ள அழகிய சித்திரம் இலக்கியத்தில் இருக்கிறது. சேக்கிழாரின் தடுத்தாட்கொண்ட புராணத்தில், திருவெண்ணெய்நல்லூர்ச் சபையார் முன் முதிய அந்தணர் ஒருவர் சுந்தரரைத் தம் அடிமை என வாதிடுகிறார். அந்தணன் அந்தணனுக்கு அடிமையாதல் வழக்கில் இல்லையே என்று சபை முதலில் ஐயுறுகிறது. ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்னும் மூவகைச் சான்றுள் ஒன்றைக் காட்டுமாறு கேட்கிறது. கிழித்தெறியப்பட்டது படியோலையே எனச் சொல்லி மூல ஓலையை முதியவர் எடுக்க, கரணத்தான் வாசிக்க, பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையை வருவித்துக் கையெழுத்தை ஒப்பிட்டு, அதன் பின்னரே தீர்ப்பு. பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கவிஞர் ஒருவர் இறைவனையே சான்று காட்டச் சொல்கிறார்! சபை காரணத்தையும் சொல்லித் தீர்ப்பளிக்கிறது என்பதை நாம் குறித்துக்கொள்ளவேண்டும். ஆங்கிலேயர் கொணர்ந்த ஜூரியிடம் இல்லாதது அதுதான்.

அந்த ஜூரியைத் தமிழகம் மறக்கமுடியாதபடி கண்டது லட்சுமிகாந்தன் வழக்கில். ‘இந்துநேசன்’ ஆசிரியர் லட்சுமிகாந்தன் 1944 நவம்பரில் சென்னை வேப்பேரியில் குத்தப்பட்டு, மறுநாள் இறந்தார். தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைதாயினர். ‘ஹரிதாஸ்’ படம் அரங்கு நிறைந்து ஓடிக்கொண்டிருந்த நேரம். உயர்நீதிமன்றத்தில் ஒன்பதின்மர் கொண்ட ஜூரி ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் இருவரையும் குற்றவாளிகள் என்றது. 1945 மே மாதம் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. பிரிவி கவுன்சில் வரை சென்று திரும்பிய வழக்கில், 1947 ஏப்ரலில் உயர்நீதிமன்றமே இருவரையும் விடுவித்தது. அந்த அறுவர் எதை நம்பினர், மூவர் எதை ஐயுற்றனர் என்பதற்கு ஏட்டில் ஒரு வரியும் இல்லை. ஜூரி காரணம் சொல்லக் கடமைப்பட்டதன்று. பாகவதரின் திரைவாழ்வு அதற்குப்பின் எழவேயில்லை.

இந்தியாவில் ஜூரி முறை ஒழிந்ததற்கு 1959ஆம் ஆண்டின் நானாவதி வழக்கே காரணம் என்று பலரும் எழுதுகின்றனர். எட்டுக்கு ஒன்று என்று ஜூரி விடுவித்த கடற்படை அதிகாரியைப் பம்பாய் உயர்நீதிமன்றம் தண்டித்தது உண்மை. ஆயின் சட்ட ஆணையம் அதற்கு முந்தைய ஆண்டிலேயே, 1958இல், ஜூரியை நீக்கப் பரிந்துரைத்துவிட்டது. 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அதற்கு இடமில்லாமல் போயிற்று. திலகரை 1908இல் ஏழுக்கு இரண்டு என்று குற்றவாளியாக்கிய ஜூரியில் ஐரோப்பியர் எழுவர், இந்தியர் இருவர். அந்த ஏற்பாட்டுக்காக நம் நாட்டில் கண்ணீர் சிந்துவோர் அதிகம் இருக்க நியாயமில்லை.

இலங்கையில் நிலை வேறு. தலைமை நீதிபதி அலெக்சாண்டர் ஜான்ஸ்டன் 1811இல் புகுத்திய ஜூரி அங்கே நிலைத்துவிட்டது. தொடக்கத்தில் சாதியையொட்டி அமைந்த அது, பிற்காலத்தில் மொழியையொட்டி அமைந்தது. சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்னும் பட்டியல்களுள் எதிலிருந்து ஜூரி வரவேண்டும் என்று குற்றஞ்சாட்டப்பட்டவர் தெரிவு செய்யலாம். தன் மொழி அறிந்தவரே தன்னை விசாரிக்கவேண்டும் என்பது நல்ல எண்ணம்தான். யாழ்ப்பாண நாடாளுமன்ற உறுப்பினர் நடராஜா ரவிராஜ் 2006 நவம்பர் 10 அன்று கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்டார். பத்தாண்டு கழித்து வழக்கு ஜூரி முன் வந்தபோது, எதிரிகள் கேட்டுக்கொண்டபடி சிங்களம் பேசும் ஜூரி அமர்ந்தது. குடும்பத்தார் தரப்பின் ஆட்சேபம் ஏற்கப்படவில்லை. 2016 டிசம்பரில், நள்ளிரவு கடந்த நேரத்தில், ஐவரும் குற்றமற்றவர் என்று ஜூரி சொல்லிற்று, காரணம் சொல்லவில்லை.