கோல்கீப்பரின் உடம்பு: ஓர் அளவெடுப்பு வரலாறு

பனிக்கட்டி மேல் ஆடும் ஹாக்கியைப் பற்றி ராசிங்காபுரத்தில் உட்கார்ந்து எழுதுவது கோணலான காரியம் என்று நண்பர்கள் சிரிக்கலாம். சிரிக்கட்டும். அளவு என்பது அதிகாரத்தின் மொழி என்று போடிக்காரனுக்கு யாரும் ஃபூக்கோவைக் கொண்டுவந்து பாடம் சொல்ல வேண்டியதில்லை. எட்டு மில்லிமீட்டர் சல்லடையில் நிற்கிற ஏலக்காய்க்கு ஒரு விலை, கீழே விழுகிறதுக்கு வேறு விலை. சல்லடையை ஆட்டுகிற பெண்ணிடம் துளை எவ்வளவு இருக்கலாம் என்று எவனும் கேட்டதில்லை. அந்தச் சல்லடையை மனசில் வைத்துக்கொண்டுதான் கோல்கீப்பர் பேடுகளின் அகலம் பற்றி நூறாண்டாக ஓயாமல் நடக்கும் சண்டையை நான் வாசிக்கிறேன்.

1896இல் வின்னிபெக் விக்டோரியாஸ் அணியின் ஜார்ஜ் மெரிட் கிரிக்கெட் பேடைக் காலில் கட்டிக்கொண்டு பனித்தளத்தில் இறங்கினார். 1920களில் கனடாவின் ஹாமில்டன் நகரில், குதிரைச் சேணம் தைத்துக்கொண்டிருந்த கெனெஸ்கி என்பவர் தோலுக்குள் திணிப்பு வைத்து அகலமான பேடு தைத்துக் கொடுத்தார். (தோல் வேலை என்றதும் நம் பக்கம் நினைவு ஓடுகிறது. 1947க்குப் பிறகு சியால்கோட்டிலிருந்து ஜலந்தருக்கு விளையாட்டுச் சாமான் தொழிலைத் தூக்கி வந்தவர்களில் தோல் தைக்கிற தலித்துகள் நிறையப் பேர். விளையாட்டு வரலாறுகளில் அவர்களுக்கு அடிக்குறிப்பு கூடக் கிடையாது.) அகலம் கூடியதும் லீக் விழித்துக்கொண்டது. வட அமெரிக்கத் தேசிய ஹாக்கி லீக் 1925இல் 12 அங்குலம்தான் உச்சம் என்றது. 1927இல் அதையே 10 ஆக்கியது. 1989இல் மறுபடி 12, 2005இல் 11.

இந்த ஏற்ற இறக்கத்தைப் பாதுகாப்பு பற்றிய விவாதமாக மட்டும் வாசிப்பவர்கள் பாதியைத்தான் வாசிக்கிறார்கள். 1981-82இல் ஓர் ஆட்டத்துக்கு இரண்டு அணிக்குமாகச் சராசரி எட்டு கோல். 2003-04இல் அது ஐந்தை ஒட்டி வந்துவிட்டது. அடுத்த பருவம் முதலாளிகளின் கதவடைப்பில் முழுசாகப் போயிற்று. கதவு திறந்தபோது கூட்டத்தைத் திரும்ப அழைக்கச் சரக்கு வேண்டியிருந்தது. சரக்கு என்றால் கோல். பேடு ஓர் அங்குலம் சுருங்கியது. அடிபடுவது என் உடம்பு என்றார்கள் கோல்கீப்பர்கள். காப்பு என்ற பேரில் வலையை அடைக்கிறாய் என்றது லீக். இரண்டும் நிஜம். உடம்பைக் காக்க வேண்டியதற்கு மேல் பேடும் மார்புக் கவசமும் ஊதிப்போயிருந்தன என்பதை மறுப்பதற்கில்லை. 2018இல் கவசத்தை உடம்போடு ஒட்டி இருக்கும்படி குறுக்கியது சரி என்றே எனக்குப் படுகிறது. ஆனால் 2006இல் அதே லீக், அடிக்கிறவனின் மட்டை வளைவை அரை அங்குலத்திலிருந்து முக்கால் அங்குலத்துக்குத் தளர்த்தியது. தடுக்கிறவனைச் சுருக்கு, அடிக்கிறவனை விடு. சல்லடை யார் கையில் என்பது இங்கே அம்மணமாகத் தெரிகிறது.

நம்ம ஹாக்கியில் கதை வேறு. அதே 2006இல் சர்வதேசக் கூட்டமைப்பு மட்டையின் வளைவை 25 மில்லிமீட்டருக்குள் அடக்கியது. அங்கே அளவுகோல் அடிக்கிறவன் பக்கமும் திரும்பியது. கோல்கீப்பருக்கும் அளவு உண்டு: கால் பேடு 300 மி.மீ. அகலத்தைத் தாண்டக்கூடாது, கைக்காப்பு 228க்கு 355. உடம்பின் இயல்பான அளவைக் கணிசமாகப் பெருக்கிக் காட்டும் எதுவும் கூடாது. சங்கர் லக்ஷ்மண் காலத்தில் இந்தக் கவலை யாருக்கும் இல்லை. 1964 டோக்கியோ இறுதியில் பாகிஸ்தானை 1-0 என்று மறித்து நின்ற மனிதர் அவர், முகத்தில் காப்பு ஏதுமின்றி. 1976 மாண்ட்ரியலில் செயற்கைத் தரை வந்தது. இந்தியா ஏழாவது இடத்துக்குப் போனது. தண்ணீர் தெளித்த தரையில் பழைய பிரம்பும் பஞ்சும் வைத்த பேடு ஊறிக் கனத்துவிடும். பந்தின் வேகமும் கூடியது. ஃபோம் பேடும் தலைக்கவசமும் வசதியாக இருந்தது போய், தவிர்க்க முடியாத செலவாயின. லக்ஷ்மண் 2006 ஏப்ரலில் மோவ் நகரில் வறுமையில் செத்தார், காலில் அழுகல் நோயோடு.

விதிப்புத்தகத்தில் உச்ச வரம்பு ஒன்றுதான் என்று நாம் நினைக்கிறோம். கீழ் வரம்பும் இருக்கிறது: முழு உடுப்போடு இறங்கும் கோல்கீப்பர் தலைக்கவசம், கால் பேடு, கிக்கர் மூன்றையும் போட்டே ஆக வேண்டும். உச்ச வரம்பு காசிருப்பவனை உறுத்துகிறது. கீழ் வரம்போ இல்லாதவனின் கழுத்தைப் பிடிக்கிறது. உலகம் முழுக்க விவாதம் முதலாவதைப் பற்றியே நடக்கிறது. கேரளத்து ஸ்ரீஜேஷுக்கு முதல் கோல்கீப்பர் உடுப்பு வாங்க அவருடைய அப்பா, ஒரு விவசாயி, பசுவை விற்றார். இந்தியப் பெண்கள் பனி ஹாக்கி அணி 2017இல் பாங்காக் போவதற்குப் பொதுமக்களிடம் காசு திரட்டியது. பதினொன்றா பன்னிரண்டா என்ற பேச்சை அந்தப் பெண்களிடம் போய்ப் பேசிப் பாருங்கள்.

2025 கடைசியில் ஜூனியர் உலகக் கோப்பை சென்னைக்கும் மதுரைக்கும் வந்துபோனது. போடிக்கு 2023இல் ரயிலும் திரும்பிவிட்டது, மதுரை இப்போது தூரமில்லை. தேனி மாவட்டத்துப் பள்ளிக்கூடங்களில் கோல்கீப்பர் உடுப்பு முழு செட்டாக எத்தனை கிடக்கிறது, எந்தப் பள்ளியில் கிடக்கிறது, அதை எந்தப் பிள்ளைகள் போட்டுக்கொள்ள முடிகிறது என்று கணக்கெடுக்க ஆள் வேண்டும். தோழர்கள் யாராவது ஒரு மாசம் ஒதுக்கினால் நானும் கூட வருகிறேன்.